கீழூர் நினைவு மண்டபம்: பலகையில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

கேள்வி இதுதான்: கடலூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் புதுச்சேரி கீழூர் நினைவு மண்டபத்துக்கு அழைத்துப் போகிறார்கள். திரும்பி வந்து பள்ளியில் ஒரு காட்சிப் பலகை வைக்க வேண்டும். ஒரு குறிப்பில் ‘மக்கள் வாக்கெடுப்பு நடந்த இடம்’ என்றும், இன்னொன்றில் ‘1962 ஆகஸ்ட் 16ல் பிரெஞ்சுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இடம்’ என்றும் இருக்கிறது. நவம்பர் 1தான் விடுதலை நாள் என்று சிலர் சொல்கிறார்கள். எதை எழுதுவது?

இரண்டு குறிப்புமே பிழை. நவம்பர் 1 சரியான தேதிதான், ஆனால் அது கீழூருக்கு உரிய தேதி இல்லை.

கீழூருக்கு உரியது 1954 அக்டோபர் 18, திங்கட்கிழமை. அன்றைக்குப் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதி சபை உறுப்பினர்களும், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நகராட்சி உறுப்பினர்களும் அந்தச் சிற்றூரில் கூடினார்கள். இந்தியாவோடு சேர்வதா, வேண்டாமா என்று வாக்களித்தார்கள். வாக்களித்தவர்கள் 178 பேர். சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. கீழூரில் நடந்தது இவ்வளவுதான். துப்பாக்கி வெடிக்கவில்லை, கோட்டை பிடிபடவில்லை, அங்கே எந்தக் கவர்னரும் கொடியை இறக்கவில்லை. எண்ணி முடித்த ஒரு வாக்குக் கணக்குக்கு எழுப்பிய மண்டபம் அது. நம் பக்கத்தில் இப்படி ஒரு நினைவுச்சின்னம் அபூர்வம் என்பதை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பீரங்கி எங்கே என்று தேடுவார்கள்.

குழப்பம் வருவது விழாவால். ஆண்டுதோறும் அந்த மண்டபத்தில் அரசு கொடியேற்றி, நினைவுத்தூணுக்கு மாலை போட்டு, தியாகிகளுக்கு மரியாதை செய்வது ஆகஸ்ட் 16ல். அந்தத் தேதியில் கீழூரில் எதுவும் நடக்கவில்லை. 1962 ஆகஸ்ட் 16 என்பது இந்தியாவும் பிரான்ஸும் ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்கான ஒப்புதல் பத்திரங்களை மாற்றிக்கொண்ட நாள். வாக்குப் பதிவான அக்டோபர் 18க்குப் புதுச்சேரியில் அரசு விடுமுறை கூடக் கிடையாது. விழாத் தேதியையும் நிகழ்வுத் தேதியையும் சேர்த்துப் பிசைந்ததில்தான் உங்கள் இரண்டாவது குறிப்பு பிறந்திருக்கிறது.

முதல் குறிப்பின் பிழை கொஞ்சம் நுணுக்கமானது. பிரான்ஸின் 1946 அரசியல் சட்டத்தில் 27ஆம் பிரிவு ஒன்று உண்டு. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிரதேசத்தையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்பது அதன் சாரம். ஆகவே நேரு கேட்டாலும், பாரிஸ் அரசே விரும்பினாலும், சம்மதத்தைக் காட்டும் ஒரு வாக்கு வேண்டியிருந்தது. அசல் மக்கள் வாக்கெடுப்பு வங்காளத்துச் சந்திரநாகூரில் நடந்தது. 1949 ஜூன் 19ல் அங்கே இந்தியாவுக்கு ஆதரவாக 7,473 வாக்குகளும் எதிராக 114 வாக்குகளும் விழுந்தன. நூற்றுக்கு 98.5. சந்திரநாகூர் 1950 மே 2ல் இந்தியாவின் கைக்கு வந்தது.

தெற்கே இருந்த நான்கு பகுதிகளிலும் (புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்) அதே மாதிரி ஊர் மக்கள் வரிசையில் நின்று வாக்குப் போட வேண்டும் என்பதுதான் 1948ல் போட்ட ஏற்பாடு. அது நடக்கவே இல்லை. 1948 அக்டோபர் நகராட்சித் தேர்தலிலேயே முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. 1951ல் வெளிநாட்டு நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்தார்கள். நேர்மையான வாக்கெடுப்புக்கு ஏற்ற நிலைமை இல்லை என்ற முடிவோடு போனார்கள். பிறகு வாக்கெடுப்பு வேண்டும் என்று பிரான்ஸ் சொல்லிக்கொண்டிருக்க, அது வேண்டாம், நேரடியாக ஒப்படையுங்கள் என்று இந்தியா சொல்லிக்கொண்டிருக்க, ஆண்டுகள் போயின. இடையில் எல்லையில் இந்தியச் சுங்கச் சாவடிகள். முள்ளோடையைத் தாண்டி ஒரு சாமானைக் கொண்டுபோவதே தனிப் பாடு.

முடிச்சு அவிழ்ந்தது 1954ல். மார்ச்சில் கொம்யூன் (பிரெஞ்சு முறை நகராட்சி) மன்றங்கள் வாக்கெடுப்பு இல்லாமலே இணைய வேண்டும் என்று தீர்மானம் போட ஆரம்பித்தன. மார்ச் கடைசியில் எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றித் தற்காலிக அரசு என்று அறிவித்தார். இதே குபேர் 1951ல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகிப் போனவர், அதுவரை பிரெஞ்சுப் பக்கத்தின் பெரிய ஆள். அவர் சாய்ந்ததும் தராசே சாய்ந்துவிட்டது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தொழிலாளர்களைத் திரட்டிப் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர் வ. சுப்பையா. இந்த இருவரில் ஒருவரை மட்டும் படத்தில் வைத்தால் பலகை கட்சிப் பலகை ஆகிவிடும். இருவரையும் வையுங்கள். ஜூன் 13ல் ஏனாமும் ஜூலை 16ல் மாஹேயும் பிரெஞ்சுப் பிடியிலிருந்து போயின. மே 7ல் வியட்நாமில் தியென் பியென் பூ என்ற பிரெஞ்சு ராணுவத் தளம் விழுந்திருந்தது. பாரிஸில் புதிதாகப் பதவிக்கு வந்த பிரதமர் மாந்தேஸ்-பிரான்ஸின் அரசுக்குத் தூரத்துச் சண்டைகளில் ஆசை இல்லை. கீழூருக்கு வழி போட்டதில் வியட்நாமுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் இரு அரசுகளும் ஒரு நடு வழிக்கு வந்தன: ஊர் முழுக்க வாக்குப் போட வேண்டாம், ஏற்கெனவே தேர்வான பிரதிநிதிகள் போட்டால் போதும், அதையே மக்களின் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம். மாஹேயும் ஏனாமும் முன்பே கைமாறிவிட்டதால், மிச்சம் இருந்த புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் மட்டும் வந்தார்கள். 178 என்ற எண் வந்த வழி இது. ஆகவே பலகையில் ‘மக்கள் பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு’ என்று எழுதுங்கள். ‘மக்கள் வாக்கெடுப்பு’ என்றால் சந்திரநாகூர். ஒரு சொல் வித்தியாசம்தான், ஆனால் விவரம் தெரிந்த யாராவது கண்காட்சிக்கு வந்தால் அந்தச் சொல்லில்தான் விரலை வைப்பார்.

ஏன் நகரத்தில் வைக்காமல் கீழூரில் வைத்தார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அன்றைய வரைபடம்தான் பதில். நகரம் பிரெஞ்சுப் போலீஸின் கையில். நெட்டப்பாக்கம் போன்ற உட்பகுதிகள் இணைப்புக்காரர்களின் கையில். பிரதிநிதிகளில் சிலர் இந்தப் பக்கம், சிலர் அந்தப் பக்கம். கடற்கரை ஓரத்து அரசுக் கட்டடங்களுக்கு வெளியே, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வந்து போகக்கூடிய ஓர் ஊர் தேவைப்பட்டது. வில்லியனூர் தாண்டி உள்ள கீழூருக்கு அந்த யோகம் அடித்தது.

எதிர்த்து வாக்களித்த 8 பேரைத் ‘துரோகிகள்’ என்று எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. எழுதாதீர்கள். எதிர்த்து வாக்களிக்க முடிந்தது என்பதால்தான் அது வாக்கெடுப்பு. 178க்கு 178 விழுந்திருந்தால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? எட்டுப் பேரின் பெயரையும் இணையத்தில் தேடி எடுத்துப் போட வேண்டாம். எண் போதும்.

இனி தேதிகள். ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1 என்று மூன்று கொடியேற்றம் உள்ள ஊர் புதுச்சேரி. பிள்ளைகளுக்கு விளக்க வீடு வாங்கும் கணக்கே போதும். 1954 அக்டோபர் 18ல் வீட்டில் இருப்பவர்களின் சம்மதம் வாங்கியாயிற்று. மூன்றே நாளில், அக்டோபர் 21ல், டெல்லியில் ஒப்பந்தம் போட்டு நாள் குறித்தார்கள். நவம்பர் 1ல் சாவி கைமாறியது. இந்தியாவின் சார்பில் கேவல் சிங் பொறுப்பேற்றார், மூவர்ணக் கொடி ஏறியது. ஆனால் கிரயப் பத்திரம் எழுதியது 1956 மே 28ல். ஒப்படைப்பு ஒப்பந்தம் என்பது அதுதான். எழுதிய பத்திரம் பதிவாகவில்லை. அல்ஜீரியாவில் பிரான்ஸ் போரில் சிக்கிக் கிடந்தது, ஓர் இடத்தைச் சட்டப்படி விட்டால் இன்னோர் இடத்துக்கு அது முன்மாதிரி ஆகிவிடும் என்ற பயம். அல்ஜீரியப் பிரச்சினை முடிந்த 1962ல்தான் பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. பத்திரம் பதிவானது 1962 ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை. பட்டா மாறியதை 1963 ஜூலை 1 என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பிரதிநிதி சபை சட்டமன்றம் ஆனது, குபேர் முதல் முதலமைச்சர் ஆனார்.

சாவி வாங்கியதற்கும் பத்திரம் பதிவானதற்கும் நடுவே 7 ஆண்டு, 9 மாதம், 15 நாள். அந்த இடைவெளியில் புதுச்சேரியை இந்தியா ஆண்டது வெளிநாட்டு ஆட்சி அதிகாரச் சட்டம் என்ற 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு. அதாவது தெருவில் இந்தியப் போலீஸ், ஏட்டில் பிரெஞ்சு மண். 1958ல் வில்லியனூரில் பிறந்த குழந்தை பிறந்தது சட்டப்படி இன்னும் பிரான்ஸுக்கு உரிய மண்ணில். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் இதைத் தனிப் பலகையாகவே வைக்கலாம், அவ்வளவு சுவையான இடம்.

இதனால்தான் ஆகஸ்ட் 16ஐ வெறும் காகித நாள் என்று தள்ளிவிடவும் முடியாது. அன்றிலிருந்து ஆறு மாத காலம் ஓடத் தொடங்கியது. அந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடியினர், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் சொன்னால் அது நீடிக்கும். வாயைத் திறக்காமல் இருந்தால் இந்தியக் குடிமகன். இன்றைக்கும் புதுச்சேரித் தெருக்களில் பாஸ்போர்ட் இரண்டு விதமாக இருப்பதற்கும், சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) குடும்பங்களுக்குப் பிரான்ஸிலிருந்து ஓய்வூதியம் வருவதற்கும் பின்னால் இந்த 1956 ஒப்பந்தக் கணக்குகள் நிற்கின்றன. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காதவரை பிரெஞ்சு மொழி ஆட்சிமொழியாக நீடிக்கும் என்பதும் அதே ஒப்பந்தத்தில், 28ஆம் பிரிவில் இருக்கிறது.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். ‘விடுதலை’ என்றால் நவம்பர் 1. ‘சட்டப்பூர்வ பரிமாற்றம்’ என்றால் ஆகஸ்ட் 16. ஊரில் பழைய ஆட்கள் ஆகஸ்ட் 16ஐ டி ஜூரே (சட்டப்படி) நாள் என்றே சொல்வார்கள். ‘இணைப்பு’ என்பது பேச்சுவழக்கில் இரண்டுக்கும் ஓடும், அதனால் தேதி போடாமல் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். நவம்பர் 1ஐ விடுதலை நாளாக அரசே கொண்டாடத் தொடங்கியது 2014லிருந்து. அதற்கு முந்திய பாடக் குறிப்புகளில் ஆகஸ்ட் 16 மட்டும் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பழைய குறிப்பைப் பார்த்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்குவார்கள்.

பலகையில் படம் ஒட்டும்போது இன்னொரு பிழை நேரும். கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே வெள்ளைத் தூண்களோடு நிற்கும் நினைவுச்சின்னத்தைப் புதுச்சேரி விடுதலை நினைவிடம் என்று பலர் போட்டுவிடுகிறார்கள். அது முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக 1938ல் பிரெஞ்சு அரசு திறந்தது. ஜூலை 14ல் விளக்குப் போடுவார்கள். கீழூருக்கு நேர் எதிர்த் துருவம் என்று கூடச் சொல்லலாம். விடுதலை வரிசையில் சேர்க்க வேண்டுமென்றால் 1936 ஜூலை 30ஐச் சேருங்கள். புதுச்சேரி சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். மறு ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. என்னைக் கேட்டால் கீழூரின் 178க்குப் பக்கத்தில் இந்த 12ம் இருக்க வேண்டும். வாக்குச் சீட்டு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை.

வரைபடம் போடுவதாக இருந்தால் ஒரே கட்டியாகப் போடாதீர்கள். புதுச்சேரிப் பகுதி ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர்தான், அதுவும் துண்டு துண்டாக, இடையிடையே அன்றைய தென்னாற்காடு மாவட்டம் புகுந்து வரும். முதலில் தாள் முழுக்க ஒரு நிறம் பூசிவிட்டு, அதன்மேல் புதுச்சேரித் துண்டுகளை வெட்டி ஒட்டுவது சுலபம். கோடு போட்டு வண்ணம் அடித்தால் பாகூர்ப் பக்கம் வரும்போது எது உள்ளே, எது வெளியே என்று கை தடுமாறும். கீழூருக்கு ஒரு சிவப்புப் பொட்டு, நெட்டப்பாக்கத்துக்கு ஒரு நீலப் பொட்டு, முள்ளோடையில் ஒரு குறி. உங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் வரும் வழியே பாதி வரைபடம்.

178ஐ எண்ணாக எழுதுவதைவிடக் கண்ணுக்குக் காட்டுவது மேல். புளியங்கொட்டை 178 எடுங்கள். வரிசைக்கு 10 வீதம் ஒட்டினால் 17 வரிசையில் 170 சரியாக முடிந்துவிடும். பதினெட்டாம் வரிசையில் மிச்சம் 8. அந்தக் கடைசி வரிசைக்கு மட்டும் வெள்ளைச் சாயம் அடித்தால், எழுதாமலே முடிவு தெரியும். 4 அடி உயரம், 3 அடி அகலப் பலகை எடுத்து, வரிசைக்கு வரிசை 2 அங்குலம் விட்டால் 18 வரிசைக்கு 36 அங்குலம். மேலே 12 அங்குலம் தலைப்புக்கு. குறுக்கே 10 கொட்டைக்கு 20 அங்குலம் போக, பக்கத்தில் 16 அங்குலம் தேதிகளுக்கு இருக்கும். தெர்மோகோல் பலகையென்றால் வெள்ளைப் பசை மட்டும் போடுங்கள். கடுமையான வாடை அடிக்கும் ரப்பர் பசை தெர்மோகோலைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும், காலையில் பார்த்தால் கொட்டை உள்ளே போயிருக்கும். வெள்ளைப் பசை காய ஓர் இரவு ஆகும். அதுவரை பலகையை நிமிர்த்தாதீர்கள், கொட்டைகள் சறுக்கி இறங்கும்.

தலைப்புக்குக் கீழே இவ்வளவு போதும்: “கீழூர், 18.10.1954. புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய ஆதரவு 170, எதிர்ப்பு 8. நிர்வாகம் கைமாறியது 1.11.1954. சட்டப்படி கைமாறியது 16.8.1962.” இதற்கு மேல் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

மண்டபத்தில் என்ன செய்வது? கல்வெட்டுகளைப் பிள்ளைகள் கையால் படி எடுக்கட்டும். அரசுக் கல்வெட்டுகளில் நிகழ்வுத் தேதி, அடிக்கல் தேதி, திறப்புத் தேதி, புதுப்பித்த தேதி என்று நான்கு வகை வரலாம். பெரிய எழுத்தில் இருப்பது அநேகமாகத் திறந்து வைத்தவரின் பெயராக இருக்கும். எந்தத் தேதி எந்த வகை என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் திறப்பு விழாத் தேதி வாக்கெடுப்புத் தேதியாகிப் பலகைக்கு வந்துவிடும். பொறித்த எழுத்து நடுப்பகல் வெயிலில் தெரியாது, பளிங்கு கண்ணைக் கூசும். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நாலரைக்குப் பின்போ சாய்வு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். அந்த நேரம் முடியாவிட்டால் செல்பேசி டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். எழுத்தில் சாக்பீஸ் தேய்க்க விடாதீர்கள்.

போகும் நாளில் ஆகஸ்ட் 16ஐத் தவிர்த்துவிடுங்கள். காலையில் கொடியேற்றம், பந்தல், வண்டிகள். பிள்ளைகளால் தூணுக்குப் பக்கத்தில் போக முடியாது. மற்ற நாளில் போவதென்றால் மண்டபம் திறந்திருக்குமா என்று வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து நேர் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் புதுச்சேரி போய் வில்லியனூருக்கு மாறுவது நல்லது, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். சொந்த வண்டி என்றால் மேப்பில் ‘கீழூர்’ என்று மட்டும் போடாதீர்கள். அதே பெயரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வேறு ஊர்கள் இருக்கின்றன. ‘கீழூர், வில்லியனூர், புதுச்சேரி’ என்று முழுதாகப் போட்டுத் தேடுங்கள்.